வயர் கேமராவா, வைஃபை கேமராவா?

வீட்டுக்குக் கேமரா வேண்டும் என்று கடைக்குப் போனால் மெகாபிக்சல் கணக்கில்தான் பேச்சே ஆரம்பிக்கும். அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். திருட்டு நடந்த மறுநாள் காலையில் பதிவு யார் கையில் இருக்கும்? நான் இதை வைத்துத்தான் இரண்டையும் எடைபோடுவேன்.

வயர் செட் என்றால் நான்கு கேமரா, பதிவு செய்யும் பெட்டியான டிவிஆர் ஒன்று, அதற்குள் 1 டிபி ஹார்டு டிஸ்க். இரண்டு மெகாபிக்சலில், வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.265 முறையில் சுமார் இரண்டு வாரப் பதிவு நிற்கும். அப்புறம் பழையதை அழித்துக்கொண்டே புதியது பதிவாகும். நெட் போனாலும் பதிவு ஓடும். பலவீனம் அந்தப் பெட்டிதான். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால், பீரோவை உடைத்தவன் போகிற போக்கில் அதையும் கழற்றிக்கொண்டு போவான். திருட்டுச் செய்திகளில் ‘டிவிஆரையும் தூக்கிச் சென்றனர்’ என்பது பழகிப்போன வரி. காற்றோட்டமுள்ள பரணில் மறைத்து வைத்தால் பாதிக் கவலை தீரும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று பட்டு, வயரைக் கேமராவோடு இணைக்கும் பிஎன்சி முனைகள் பச்சை பிடிக்கும், படம் கோடு கோடாக வரும். இணைப்புகளை மூடிய பெட்டிக்குள் விடச் சொல்லுங்கள்.

வைஃபை கேமராவை பிளக்கில் செருகினால் வேலை முடிந்தது. சுவரில் துளை போட ஹவுஸ் ஓனரிடம் கெஞ்ச வேண்டாம். ஆள் அசைந்தால் உடனே போனுக்குத் தகவல் வரும். புதிய டிவிஆர்களிலும் இந்த வசதி உண்டு என்றாலும், இதில் அமைப்பது சுலபம். தொல்லையும் அங்கேதான். இரவில் கேமரா வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். லென்சுக்கு முன்னால் அது கட்டும் வலை, அகச்சிவப்பு ஒளியில் வெள்ளை வெளேரென்று காற்றில் ஆடும். ராத்திரி முழுக்க போன் அலறும். வெறுத்துப்போய் நீங்களே அறிவிப்பை அணைத்துவிடுவீர்கள். ஆளைத் தனியே அடையாளம் காணும் மாடல்கள் இப்போது வந்துவிட்டன. ஒட்டடைக்குச்சி இன்னும் மலிவு.

பதிவு விஷயத்தில் வைஃபைக்கு மதிப்பெண் குறைவு. எஸ்டி கார்டு கேமராவுக்குள்ளேயே இருப்பதால், கேமராவைப் பிடுங்கினால் பதிவும் போச்சு. பதிவை நெட் வழியே கம்பெனி சர்வரில் சேமிக்கும் கிளவுட் சந்தா கட்டியிருந்தால் தப்பிக்கும், அதுவும் அந்த நேரத்தில் நெட் இருந்தால். கேட் வரை சிக்னல் எட்டுமா என்பதையும் வாங்கும் முன் போனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பாஸ்வேர்டு ஓட்டை இரண்டுக்கும் பொது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டு மாறாமல் கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் வளைத்துப்போட்டது. அவற்றை ஏவித்தான் அந்த அக்டோபரில், இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் சேவை தந்த டின் நிறுவனம் தாக்கப்பட்டு, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் தடுமாறின. இந்தியாவில் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமானது 2025 ஏப்ரலில்தான். பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டுகிறார்களா என்று பாருங்கள்.

சரி, எதை வாங்குவது? வாடகை வீட்டுக்கு வைஃபை போதும், கிளவுடோடு. சொந்த வீட்டுக்கு என் ஓட்டு வயருக்கு; கூடவே பீரோ அறை வாசலைப் பார்த்தபடி ஒரு வைஃபை கேமரா. மெயின் சுவிட்சை இறக்கினால் இரண்டுமே அணைந்துவிடும் என்பதால், டிவிஆர், கேமரா, ரவுட்டர் மூன்றையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுக்கச் சொல்லுங்கள்.