எஃப்எஸ்சி முத்திரை: மரக்கணக்கை நம்பலாம், ஊர்க்கணக்கை விசாரிக்க வேண்டும்

ஏ4 தாள் கட்டிலும் பழச்சாறு அட்டைப்பெட்டியிலும் ‘டிக்’ குறியோடு ஒட்டிய மரப்படம் ஒன்று இருக்கும். அதுதான் எஃப்எஸ்சி (ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்), பொறுப்பாகப் பராமரிக்கும் காடுகளுக்குச் சான்று தருவதற்கான விதிகளை வகுக்கும் அமைப்பு. 1993-இல் தொடங்கியது. தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். ‘100%’, ‘மிக்ஸ்’, ‘ரீசைக்கிள்டு’ என முத்திரை மூன்று வகை.

காட்டோர மக்களின் உரிமை முக்கியம் என்பவர்கள் ‘100%’ பார்த்து வாங்குங்கள். ‘மிக்ஸ்’-இல் சான்று பெறாத காட்டு மரமும் கலக்கும். திருட்டு மரம், மனித உரிமை மீறல் உள்ளிட்ட 5 தடைகளில் சிக்காத மரம் என்றால் போதும். சான்று பெற்ற காட்டில் ஊராரிடம் கருத்துக் கேட்கும் அளவுக்கு இந்தக் காடுகளில் கேட்பதில்லை. வாங்கிய சான்று மரத்தின் அளவை வரவு வைத்து, அந்த அளவுக்குத் தாளில் முத்திரை இடுவது கிரெடிட் முறை. அப்படி ஓடும் ஆலையின் தாளில் சான்று பெற்ற காட்டின் நார் துளியும் இல்லாமல் போகலாம். விதிப்படி அது தவறும் இல்லை!

முத்திரைக்குக் கீழே ‘சி’ எழுத்தோடு 6 இலக்க எண் இருக்கும். அதை எஃப்எஸ்சி தளத்தில் தேடினால் அச்சகமோ பெட்டித் தயாரிப்பாளரோதான் வருவார், காடு வராது. பெரிய குறை இதுதான். மரமாக வாங்குபவர்கள் மர வியாபாரியிடம் காட்டுச் சான்றிதழ் எண்ணைக் கேட்க வேண்டும். எண்ணில் ‘எஃப்எம்’ (ஃபாரஸ்ட் மேனேஜ்மென்ட்) எழுத்து இருந்தால் அது காட்டுக்கானது. அந்த எண்ணுக்குத் தணிக்கைச் சுருக்கம் பொதுவில் கிடைக்கும்.

சான்றிதழ் 5 ஆண்டுக்கு, தணிக்கை ஆண்டுதோறும். பெருங்குறையை 3 மாதத்திலும் சிறுகுறையை ஓராண்டிலும் சரிசெய்ய வேண்டும். தணிக்கை அறிக்கையில் நேராக எஃப்எஸ்சியின் 3, 4-ஆம் கொள்கைகளுக்குப் போங்கள்: பழங்குடி உரிமை, உள்ளூர்ச் சமூகம். 4-ஆம் கொள்கையின் 4.6 விதி ஊராரின் குறைதீர்ப்பு பற்றியது. அது வழிமுறை இருக்கிறதா என்று கேட்கிறது. புகார்ப் பதிவேடும் நாலு கூட்டக் குறிப்பும் காட்டினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பெரிய தகராறு நடக்கும் இடத்தில் மரம் வெட்டுவதை நிறுத்த வேண்டும் என்றும் விதி உண்டு. எது பெரியது என்று அளப்பவர் தணிக்கையாளர். அவருக்குக் கட்டணம் தருவதோ வெட்டும் நிறுவனம்.

சான்றிதழ் ஊராரின் கையிலேயே இருந்தால் கதை வேறு. குவாத்தமாலாவின் பெத்தேன் பகுதியில், 1990-இல் அறிவித்த மாயா உயிர்க்கோளக் காப்பகத்தில், கார்மெலிட்டா, வாஷாக்தூன் போன்ற ஊர்கள் காட்டைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகின்றன. எஃப்எஸ்சி சான்று இல்லையென்றால் குத்தகை நிலைக்காது. காட்டைத் துண்டு பிரித்து ஆண்டுக்கு ஒரு துண்டில் மட்டும் வெட்டு. முதலில் ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டு, வரைபடத்தில் குறித்து, விதைமரங்களை ஒதுக்கிவிடுகிறார்கள். வெட்டியபின் அடிக்கட்டையிலும் தடியிலும் உள்ள எண் ஒத்துப்போக வேண்டும். மகாகனிக்கு நல்ல விலை. பூங்கொத்தில் வைக்கும் ஷாத்தே இலையும் தனி வருமானம். மற்ற மரங்களுக்குச் சான்றால் விலை பெரிதாக ஏறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாட்டுப் பண்ணைகள் நுழைந்த சில குத்தகைகள் ரத்தாயின. சான்று அதைத் தடுக்கவில்லை.

அறைகலன் கடையில் ‘எஃப்எஸ்சி மரம்தான் சார்’ என்றால் பில்லைப் பாருங்கள். பொருளில் முத்திரை இல்லையென்றால், சான்றிதழ் எண்ணும் ‘100%’ அல்லது ‘மிக்ஸ்’ என்ற குறிப்பும் பில்லிலாவது இருக்க வேண்டும். சுவரில் மாட்டிய சான்றிதழ் அந்தக் கட்டிலுக்குச் சாட்சி ஆகாது.