மாஸ்க் ஒழுகுகிறது, செயலி சிரிக்கிறது: சிபேப்புடன் மூன்று வருடம்

போன வாரம் நண்பன் ஒருவன் போன் செய்தான். தூக்கப் பரிசோதனையில் அவனுக்கு ஏஹெச்ஐ, அதாவது தூக்கத்தில் மணிக்கு எத்தனை முறை மூச்சு அடைக்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு, 41 வந்திருக்கிறதாம். "நீ மூணு வருஷமா அந்த மிஷினை மாட்டிக்கிட்டுத் தூங்கறியே, எப்படி இருக்கு, வாங்கலாமா?" என்று கேட்டான். வாங்கு என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அன்று காலைதான் வலது கண் சிவந்துபோய் எழுந்திருந்தேன். அரை மணி நேரம் புலம்பித் தீர்த்துவிட்டேன். போனில் கோர்வையாக வராததை இங்கே எழுதுகிறேன்.

சிபேப் என்பது தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளாமல் மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றை ஊதிக்கொண்டே இருக்கும் மிஷின். என்னுடையது பிரஷரைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஆட்டோ வகை. மூக்கை மட்டும் மூடும் மாஸ்க். ஓடிய நேரம் 7,000 மணியைத் தாண்டிவிட்டது. மோட்டார் ஒருநாள்கூட மக்கர் செய்ததில்லை. பரிசோதனையில் மணிக்கு 38 ஆக இருந்த மூச்சடைப்பு இப்போது 2, 3. ஐந்துக்குக் கீழே இருந்தால் போதும் என்பார்கள். மதியக் கூட்டங்களில் தலை தொங்குவது நின்றுவிட்டது. பக்கத்து அறைக்குப் போயிருந்த மனைவி திரும்பி வந்துவிட்டாள். மிஷினுக்கு நான் தரும் நற்சான்றிதழ் இது, மனதார.

கோபம் வேறு இடத்தில். காலையில் போனில் மிஷினின் செயலியைத் திறந்தால் "மாஸ்க் சீல் நன்று" என்று ஒரு பச்சை முகம் சிரிக்கும். இரவு 3 மணிக்கு இமையோரம் காற்று சீறி, விழித்து, இருட்டில் தடவி ஸ்ட்ராப்பை இறுக்கி, மூக்குத்தண்டில் தழும்போடு எழுந்து வந்தவனைப் பார்த்துச் சிரிக்கும். எட்டு மாதம் அந்தச் சிரிப்பை நம்பினேன். கண்ணெரிச்சலுக்குக் காரணம் கம்ப்யூட்டர் திரை என்று நினைத்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் மிஷினின் பக்கவாட்டில் ஒரு எஸ்டி கார்டு இருப்பதைக் கவனித்தேன். ஆஸ்கார் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டால் முழு இரவையும் நிமிடம் நிமிடமாக வரைபடமாக விரிக்கும். அந்தப் பச்சை முகத்துக்குப் பின்னால் இத்தனை நாள் என்ன ஒளிந்திருந்தது என்று அன்றைக்குத் தெரிந்தது.

முதலில் ஒரு விஷயம். எல்லா மாஸ்க்கிலும் வேண்டுமென்றே சிறு துளைகள் வைத்திருப்பார்கள். நாம் விடும் கரியமில வாயு வெளியே போகிற வழி அது. பிரஷர் 10 (சென்டிமீட்டர் நீர் என்ற அளவில்) இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் காற்று அதன் வழியே போகும். மாஸ்க்குக்கு மாஸ்க் மாறும், பிரஷர் கூடினால் கூடும். அதை அடைக்க நினைக்காதீர்கள். சில நிறுவனங்களின் மிஷின் இதையும் சேர்த்து மொத்த லீக்கைக் காட்டும். சில, இதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டும். என் அலுவலக சகா ஒருவர் "உங்களுக்கு 5, எனக்கு 35" என்று பயந்துபோய்க் கிடந்தார். அவருடையது மொத்தக் கணக்கு, அவ்வளவுதான். கழித்துக் காட்டும் என் மிஷினில் நீங்கள் போட்டிருப்பது மூக்கு மாஸ்க்கா முழு முக மாஸ்க்கா என்று அமைப்பில் சரியாகச் சொல்லவும் வேண்டும். ஒரு வாரம் சொல்ல மறந்து, வந்த எண்களை வைத்துக்கொண்டு வீணாகக் குழம்பினேன்.

என் மிஷினில் நிமிடத்துக்கு 24 லிட்டர்தான் எல்லைக்கோடு. அதற்கு மேல் போனால் பெரிய லீக். ஒரு சாதாரண இரவில் என் அறிக்கை இப்படி இருந்தது: நடுநிலை 0 (அதாவது பாதி நேரமாவது லீக்கே இல்லை), 95 சதவீதப் புள்ளி 19. பார்த்தால் பிரமாதம். ஆனால் 95 சதவீதப் புள்ளி 19 என்றால், தூங்கிய நேரத்தில் 95 சதவீதம் லீக் 19-லோ அதற்குக் கீழோ இருந்தது என்று மட்டும்தான் பொருள். மீதி 5 சதவீதத்தைப் பற்றி அது வாயே திறக்காது. ஏழு மணி நேரத் தூக்கத்தில் 5 சதவீதம் என்பது 21 நிமிடம். அந்த 21 நிமிடம் இரவு முழுக்கச் சிதறிக் கிடக்கவில்லை. 3 மணிக்கு ஒரு தொகுதி, 5 மணிக்கு ஒரு தொகுதி, லீக் 50 வரைக்கும். என்னை எழுப்பியது அந்த 21 நிமிடம்தான். பச்சை முகத்துக்கு அது கணக்கிலேயே இல்லை.

இன்னும் மோசம் ஒன்று உண்டு. லீக் எல்லை மீறும்போது மூச்சின் ஓட்டத்தை மிஷினால் சரியாக அளக்க முடியாது. அப்போது மூச்சு அடைத்தாலும் பதிவாகாமல் போகலாம். காவல்காரன் தூங்கிய நேரத்தில் திருட்டு நடக்கவில்லை என்று எழுதிவைப்பது மாதிரி. ஏஹெச்ஐ 2 என்று குதூகலிக்கும் முன் லீக் வரைபடத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

எண்ணை விட வரைபடத்தின் உருவம்தான் அதிகம் பேசுகிறது. புரண்டு படுத்ததில் மாஸ்க்கின் குஷன், அதாவது முகத்தில் பதியும் மெத்தென்ற பகுதி, நகர்ந்திருந்தால் முள் முள்ளாகக் குத்தி எழும். வாய் திறந்து ஒழுகினால் வேறு மாதிரி: கோடு ஏறி, மேடு கட்டி நின்று, நீங்கள் லேசாக விழித்து வாயை மூடும் கணத்தில் சட்டென்று செங்குத்தாக விழும். எனக்கு இரண்டுமே இருந்தது. "வாயைத் திறந்துக்கிட்டே தூங்கறீங்க" என்று மனைவி ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வரைபடம் சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டேன். அந்த வெட்கக்கேட்டை விடுங்கள்.

முள் விவகாரத்தில் நான் செய்த முட்டாள்தனம், ஸ்ட்ராப்பை இறுக்கிக்கொண்டே போனது. குஷனின் மெல்லிய உதடு காற்றில் உப்பி முகத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இறுக்கினால் அது மடிந்து நசுங்கும், மடிப்பின் வழியே இன்னும் ஒழுகும். உட்கார்ந்தபடி மாட்டிப் பார்ப்பதிலும் பிரயோஜனமில்லை. படுத்து, மிஷினை ஓடவிட்டு, மாஸ்க்கை ஒருமுறை முகத்திலிருந்து லேசாக இழுத்து விட்டு, அது தானாக உட்கார்ந்த பிறகுதான் ஸ்ட்ராப்பைத் தொட வேண்டும். தோலின் எண்ணெய்ப் பிசுக்கு இன்னொரு எதிரி. தினமும் குஷனை மென்மையான சோப்பில் கழுவ வேண்டும். நான் தினமும் கழுவுவதில்லை.

ஆனால் உண்மையான ஆச்சரியம், லீக் வரைபடத்தைப் பிரஷர் வரைபடத்துக்கு நேர் கீழே வைத்துப் பார்த்தபோது வந்தது. இத்தனை நாள் மாஸ்க்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். முதலில் ஏறியது பிரஷர். பத்து நிமிடத்தில் 8-லிருந்து 14 வரை. 13-ஐத் தாண்டும்போதுதான் லீக் முள் ஆரம்பிக்கிறது. கனவுத் தூக்கம் விடியலை ஒட்டித்தான் அதிகம் வரும். அப்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து கிடக்கும், நான் மல்லாந்தும் படுத்திருப்பேன். மிஷின் துரத்திக்கொண்டு ஏறுகிறது, மாஸ்க்கைத் தூக்கிவிடுகிறது, நான் விழிக்கிறேன்.

என் மிஷினில் குறைந்தபட்சம் 4, அதிகபட்சம் 20 என்று வாங்கி வந்தபடியே விட்டிருந்தார்கள். நானாக எதையும் மாற்றவில்லை, வரைபடத்தை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் குறைந்தபட்சத்தை 8 ஆக்கினார். பிரஷரைக் கூட்டினால் லீக்கும் கூடுமே என்று கேட்டேன். "நாலிலிருந்து ஏறினால் அது தொண்டை அடைத்த பிறகுதான் வந்து சேரும், அப்புறம் அதிகமாக ஏறித்தான் தீர வேண்டியிருக்கும்" என்றார். சொன்ன மாதிரியே நடந்தது. இப்போது 11-ஐத் தாண்டுவதே அபூர்வம். படுத்த உடனே 4-ல் மூச்சு முட்டுகிற உணர்வும் போயிற்று. எல்லோருக்கும் இதே எண் சரிவரும் என்று அர்த்தமில்லை.

இவ்வளவும் என் மிஷினுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஒவ்வொரு மூச்சையும் அது எழுதிவைத்திருக்கிறது. என்னிடம் மட்டும் ஒரு பச்சை முகத்தைக் காட்டி எட்டு மாதம் ஓட்டியிருக்கிறது. பயனாளியைக் குழப்ப வேண்டாம் என்று எந்தப் புத்திசாலியோ முடிவெடுத்திருக்க வேண்டும். 3 மணிக்குக் கண்ணில் காற்றடித்து எழுந்த ஆளை இதற்கு மேல் எப்படிக் குழப்ப முடியும்?

அதனால் நண்பனுக்கு என் பதில்: வாங்கு, தள்ளிப்போடாதே. கார்டு போடும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. நான் வைத்திருக்கும் இதே மிஷினையா என்றால், வேண்டாம். மூன்று வருடம் என் உயிரைக் காத்த சாமானைப் பற்றி இப்படிச் சொல்வது நியாயமில்லைதான். கண்ணின் சிவப்பு போன பிறகு கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும்.

நேற்று புதுக் குஷன் மாற்றினேன். 95 சதவீதப் புள்ளி 6. விடியற்காலை 4:20-க்கு ஒரே ஒரு முள், 38 வரைக்கும். காலையில் செயலி சிரித்தது.