அலுவலகத்திலிருந்து வீடு வரை 26 கிலோமீட்டர்: ஓட்டப் பை எப்படி இருக்கிறது?

மராத்தானுக்கு இன்னும் ஐந்து வாரம். ஞாயிறு காலை மூன்று மணி நேரம் நான் காணாமல் போவது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. இரண்டு வயது மகன் கதவருகிலேயே உட்கார்ந்து அழுகிறான். சரி, நீண்ட ஓட்டத்தை வெள்ளிக்கிழமை மாலைக்கு மாற்றிவிடுவோம், அலுவலகத்திலிருந்து ஓடியே வீடு திரும்புவோம் என்று முடிவெடுத்தேன். நேர் வழி 13 கிலோமீட்டர், சுற்றி வந்தால் 26. அதற்காக வாங்கியதுதான் இந்த 10 லிட்டர் ஓட்டப் பை.

சாதாரண முதுகுப்பையில் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு அடிக்கும் அது முதுகில் குத்தும். இது மார்புக்குக் குறுக்கே இரண்டு பட்டைகளோடு உடம்பில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் பாதி காலியாக இருந்தால் இதுவும் குதிக்கும். சட்டையைச் சுருட்டி இடத்தை அடைத்துவிட வேண்டும். முன்பக்கம் இரண்டு அரை லிட்டர் மென்குடுவைகள். குடிக்கக் குடிக்கச் சுருங்குவதால் தண்ணீர் சலசலப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

குறைகள்? முதுகு வியர்வை உள்ளே இறங்கிவிடுகிறது. முதல் வாரம் மாற்றுச் சட்டை பிழியும் நிலையில் இருந்தது. இப்போது பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கிறேன். கழுத்தெலும்பில் உராய்ந்து தோல் சிவந்தது, வாசலின் தடவியதும் நின்றது. மடிக்கணினி நுழையாது. அதை அலுவலகத்திலேயே பூட்டிவிட்டு வருகிறேன். உண்மையில் அது குறையா என்று தெரியவில்லை.

இன்னும் இரண்டு வெள்ளிக்கிழமை பாக்கி. அப்புறம் போட்டி வரை தூரத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும், பேருந்தில்தான் வீடு.