போலோ சாமான் ரேபிடில் ஏறுமா? மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப் ஒன்றில் எனக்குக் கிடைத்த பதில்

குளச்சலில் தெரிந்த பையன் ஒருத்தன் தன் ஃபோக்ஸ்வேகன் போலோ காரை விற்றான். 1.0 டிஎஸ்ஐ, அதாவது டர்போ பெட்ரோல் வண்டி. விற்கிறதுக்கு முன்னால் அதில் ஆசை ஆசையாகப் போட்டிருந்த வெளிச் சாமான்களை எல்லாம் கழற்றி வைத்துக்கொண்டு கம்பெனி சாமானையே திரும்ப மாட்டிக் கொடுத்திருக்கிறான். 16 இஞ்ச் அலாய் சக்கரம் நாலு, வண்டியைத் தாழ்த்துகிற ஸ்பிரிங் ஒரு செட், பின்பக்க எக்ஸாஸ்ட் (புகை போகிற பைப்பும் சைலன்சரும்) முழுசாக, கழுவிக் கழுவிப் போடுகிற காட்டன் ஏர் ஃபில்டர். மொத்தமும் 38,000 ரூபாய்க்கு நான் வாங்கினேன். என்னுடையது 2020 ஸ்கோடா ரேபிட், அதே 1.0 டிஎஸ்ஐ, மேனுவல் கியர்.

வாங்கினதற்குக் காரணம் இருக்கிறது. போலோ, வென்டோ, ரேபிட் மூன்றும் ஒரே பிளாட்ஃபார்ம், அதாவது ஒரே அடிக்கட்டமைப்பு, பிக்யூ25 என்பார்கள். எஞ்சினும் ஒன்றுதான்: 999 சிசி, மூன்று சிலிண்டர், 110 பிஎஸ் பவர், 175 என்எம் டார்க் (இழுவை). அதனால் "போலோவுக்குப் போடுகிறது எல்லாம் ரேபிடுக்கும் போகும்" என்று இந்த வண்டி வைத்திருக்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் சொல்வார்கள். நானும் அப்படியே நம்பினேன், பணம் கொடுக்கிறதுக்கு முன்னால் டேப் எடுத்து ஒரு அளவுகூடப் பார்க்கவில்லை.

முதலில் வேறு ஒரு கடையில்தான் அலாயை மட்டும் மாட்டினேன், எந்தக் கடை என்பது வேண்டாம். அரை மணி நேரத்தில் முடித்தார்கள். வண்டியிலிருந்து கழற்றிய கம்பெனி போல்ட்டையே வைத்து, போல்ட் இறுக்குகிற கன் மெஷினால் 'கிர்ர்' என்று இறுக்கி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது நாள் குடும்பத்தோடு திருநெல்வேலிக்குப் புறப்பட்டோம். ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் பக்கம் 80-ல் போகும்போது ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. ஆடி மாசம் அந்தக் கணவாயில் காற்று எப்படி அடிக்கும் என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, லாரியே ஒரு பக்கமாகச் சாயும், அதனால் காற்றுதான் என்று நினைத்து வேகத்தைக் குறைத்து ஓட்டினேன், காவல்கிணறு வந்த பிறகும் நடுக்கம் நிற்காததால்தான் ஓரமாக நிறுத்தி ஸ்பேனரை எடுத்தேன். முன் இடது சக்கரத்தில் மூன்று போல்ட், ஒவ்வொன்றும் கால் சுற்றுக்கு மேல் இறுகியது. பின் சீட்டில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து 40-க்கு மேல் போகாமல் வீட்டுக்கே திரும்பிவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் இந்த மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மேம்பாலம் இறங்கி குழித்துறைப் பக்கம் போகிற வழியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது, பெரிய போர்டு எதுவும் கிடையாது, ஒரே ஒரு லிஃப்ட், இரண்டு பையன்கள், அப்புறம் அந்த அண்ணன். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகளை மட்டுமே அதிகமும் பார்க்கிறார். டிக்கியில் இருந்த சாமானை எல்லாம் இறக்கி வைக்கச் சொன்னார். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "மக்கா, எஞ்சின் ஒண்ணுதான், செரி. வண்டிக்க நீளம் ஒண்ணா?"

அலாயில் இருந்து ஆரம்பித்தார். ஐந்து துளை, 100 மி.மீ பிசிடி (துளைகள் அமைந்திருக்கிற வட்டத்தின் விட்டம்), அது மூன்று வண்டிக்கும் ஒன்று, அதில் பிரச்சினை இல்லை. பிரச்சினை போல்ட்டின் கழுத்தில். கம்பெனி போல்ட்டின் கழுத்து உருண்டையாக இருக்கும், பால் சீட் என்கிறார்கள், கம்பெனி சக்கரத்தின் குழியும் அதே மாதிரி உருண்டை. வெளி அலாயில் பெரும்பாலும் குழி கூம்பு வடிவம், அதற்குக் கோன் சீட் போல்ட்தான் போட வேண்டும். இதை வாயால் சொல்லிவிட்டு விட்டிருந்தால் எனக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அவர் என்ன செய்தார் என்றால், போல்ட்டின் கழுத்தில் கொஞ்சம் கிரீஸைத் தடவி, கழற்றி வைத்த சக்கரத்தின் குழியில் அழுத்தி ஒரு திருகு திருகி வெளியே எடுத்துக் காட்டினார். குழிக்குள் ஒரு நூல் அளவுக்கு மட்டும் வட்டமாகக் கறை, மீதி இடம் எல்லாம் அப்படியே பளபளப்பாக இருக்கிறது. அந்த நூல் அளவு விளிம்பில்தான் சக்கரமே நின்றிருக்கிறது. அடுத்து கோன் சீட் போல்ட் ஒன்றில் அதே கிரீஸ், அதே திருகு. இந்தத் தடவை குழி முழுக்கக் கறுப்பு. அதைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சே வரவில்லை.

அப்புறம் நடு ஓட்டை. நம்ம வண்டியின் ஹப் (சக்கரம் போய் உட்காருகிற நடு மேடு) 57.1 மி.மீ, அலாயின் ஓட்டை 73.1. பல வண்டிக்கும் பொருந்தட்டும் என்று வெளிக் கம்பெனிகள் பெரிதாகவே விடுவார்கள், இடைவெளியை ஒரு வளையம் போட்டு அடைக்க வேண்டும். பையன் போலோவில் போட்டிருந்த பிளாஸ்டிக் வளையம் இரண்டு விரிந்து போயிருந்தது, முதல் கடையில் அதை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. இங்கே நாலுக்கும் அலுமினிய வளையம் போட்டார். புது போல்ட் 20-ம் கையாலேயே திருகி, ஒவ்வொன்றும் எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எண்ணிப் பார்த்து, கடைசியில் டார்க் ரெஞ்சை (வைத்த அளவுக்கு இறுகியதும் 'டக்' என்கிற ஸ்பேனர்) 120 என்எம்-ல் வைத்து நட்சத்திர வரிசையில் இறுக்கினார். கன்னைத் தொடவே இல்லை.

ஸ்பிரிங்கைப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை, வற்புறுத்திக் கேட்டேன். போலோ ஹேட்ச்பேக், டிக்கி 280 லிட்டர். ரேபிட் செடான், 460 லிட்டர். பின்பக்கத்தில் தகரமே அதிகம், அதுபோக நாம் அதற்குள் அடைக்கிற சாமானும் அதிகம். போலோவின் பின் எடைக்குக் கணக்குப் பண்ணின ஸ்பிரிங்கை இதில் போட்டால், ஐந்து பேர் ஏறி உட்கார்ந்ததும் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், ஒவ்வொரு வேகத்தடையிலும் ரப்பர் ஸ்டாப்பர் போய் முட்டும். "முன்னாடி மட்டும் போடலாமே" என்றேன். முன்னால் தாழ்ந்து பின்னால் தூக்கி நிற்கிற வண்டியை மழையில் திடீரென்று பிரேக் பிடித்தால் பின் சக்கரத்தில் பிடி குறையும், அதை நான் செய்து தர மாட்டேன் என்றார். ஒரு வருஷத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கிற மாவட்டம் நம்முடையது. சரி என்று விட்டுவிட்டேன்.

எக்ஸாஸ்ட்தான் நான் ரொம்ப எதிர்பார்த்தது. லிஃப்டில் ஏற்றி, கீழே பைப்பை நீட்டிப் பிடித்துக் காட்டினார். போலோவின் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம், 2469 மி.மீ, ரேபிடுக்கு 2552. அங்கேயே 83 மி.மீ குறைகிறது. வண்டியின் மொத்த நீளமோ 3971-க்கு 4413, பின் சக்கரத்துக்குப் பிறகு உள்ள உடம்பே வேறு. பைப்பின் முன் முனையை அதன் இடத்தில் வைத்தால், சைலன்சரைத் தொங்கவிடுகிற ரப்பர் கொக்கி ஒன்றுகூட நேர் வரவில்லை. வெட்டி, நடுவில் துண்டு சேர்த்து வெல்டு பண்ணலாம், நிறைய இடத்தில் அப்படித்தான் செய்கிறார்கள். அதைக் கேட்பதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துப் பைப்பில் வைத்தார். பச்சென்று ஒட்டியது. 304 எஸ்எஸ், அதாவது துருப்பிடிக்காத ஸ்டீல், என்று சொல்லித்தான் பையன் எனக்கு விற்றான், 304 காந்தத்தில் இப்படி ஒட்டாது. வெல்டு ஓரத்தில் ஸ்க்ரூடிரைவரால் தட்டினார், கருவாட்டுச் செதில் மாதிரி துரு உதிர்ந்தது. கடலோரத்தில் நின்ற வண்டி, உப்புக் காற்று வேலையைக் காட்டியிருக்கிறது.

சத்தத்தைப் பற்றியும் சொன்னார். இது எனக்கு முன்பே தெரியும், ஆனாலும் யோசிக்காமல் இருந்தேன். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவில் கட்டுப்பாடு இருக்கிறது, சத்தமும் புகையும் அளவைத் தாண்டினால் 190(2)-ன் கீழ் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். எக்ஸாஸ்ட் திரும்ப டிக்கிக்குள் போனது.

ஏர் ஃபில்டர் எந்தத் தகராறும் இல்லாமல் பொருந்தியது, பெட்டி அப்படியே ஒன்றுதான். ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. பையன் தன் போலோவுக்குப் போட்டிருந்த ஈசியு மேப்பை (எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டருக்கான செட்டிங்) இதில் ஏற்ற முடியுமா என்றும் கேட்டுப் பார்த்தேன். அவனுக்க வண்டிக்க மேப்பை உனக்க வண்டியில் ஏற்றக்கூடாது, இந்த வண்டியின் ஈசியுவைப் படித்து, அதில் இருக்கிற சாஃப்ட்வேருக்கு ஏற்றபடி செய்ய வேண்டும் என்றார். அது அவர் செய்கிற வேலையும் இல்லை.

செலவு: கோன் சீட் போல்ட் 20-க்கு 2,400, வளையம் 800, மாட்டி பேலன்ஸ் பண்ண 600, எக்ஸாஸ்டைப் பார்க்க லிஃப்டில் ஏற்றியதற்கு 300, மொத்தம் 4,100. ஸ்பிரிங்கைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியதற்குப் பைசா வாங்கவில்லை. எல்லாவற்றையும் மாட்டித் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் என்னிடம் இன்னும் 15,000 ரூபாயாவது வாங்கியிருக்கலாம், நான் கொடுக்கத் தயாராகத்தான் போயிருந்தேன்.

குறை இல்லாமல் இல்லை. ஒரே லிஃப்ட் என்பதால் மூன்று மணி நேரம் காத்திருந்தேன், உட்கார ஒரு பழைய காரின் சீட்டைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். போன் எடுப்பது அபூர்வம். பில் கையால் எழுதினது, அதிலும் போல்ட்டின் அளவை எழுதாமல் விட்டிருந்தார், பின்னால் ஒன்று தொலைந்தால் என்ன வாங்குவது என்று நான் கேட்ட பிறகுதான் எம்14, 1.5 என்று எழுதிக் கொடுத்தார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் காலை எட்டரைக்குள் சந்துக்குள் நுழைந்துவிடுவது நல்லது, அதற்குப் பிறகு மார்த்தாண்டம் டிராஃபிக்கில் கீழ் ரோட்டில் மாட்டினால் அரை நாள் போய்விடும்.

100 கிலோமீட்டர் ஓடினதும் போல்ட்டைத் திரும்பப் பார்க்க வரச் சொல்லியிருந்தார். பேச்சிப்பாறை வரைக்கும் ஒரு தடவை, கன்னியாகுமரிக்கு ஒரு தடவை போய் கணக்கை முடித்துவிட்டு வந்தேன். ரெஞ்சை அதே 120-ல் வைத்து இருபதையும் தொட்டார், ஒவ்வொன்றிலும் உடனே 'டக்' என்றது, ஒன்றுகூட நகரவில்லை. அதற்கும் காசு வாங்கவில்லை. போன வாரம் அதே முப்பந்தலில் அதே 80-ல் போனேன், காற்று தள்ளியது, ஸ்டியரிங் நடுங்கவில்லை.

ஸ்பிரிங் செட் வீட்டில் இருக்கிறது. போலோ வைத்திருக்கிற யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன், ஆனால் அவர்களையும் முதலில் அந்தச் சந்துக்குக் கூட்டிப் போய் அண்ணனிடம் காட்டிய பிறகுதான் பணம் வாங்குவதாக இருக்கிறேன். எக்ஸாஸ்டை யாருக்கும் விற்கப் போவதில்லை, அதைப் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது.