என் கேம்பரைக் கட்டிக் கொடுத்த பட்டறை, 14,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

பிக்கப்பின் பின்பக்கத் தொட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பயணத்தில் படுத்துச் சமைத்துத் தங்க ஒரு கேம்பர் பெட்டி வேண்டும் என்று ஒரு சிறிய பட்டறையிடம் வண்டியைக் கொடுத்தேன். வடிவமைப்பும் அவர்கள்தான், கட்டியதும் அவர்கள்தான். வண்டி கைக்கு வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது, 14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, அதில் பாதிக்கு மேல் மண்ணும் கல்லும் ஆற்றுப்படுகையும். உடனே எழுதாமல் காத்திருந்ததற்குக் காரணம், இந்த மாதிரி பெட்டியின் குணம் ரோட்டை விட்டு இறங்கிக் குலுங்கின பிறகுதான் தெரியும்.

முதலில் அவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பெட்டி சேஸிஸ் மேல் உட்காரும் விதம். பிக்கப்பின் சேஸிஸ் ஏணி மாதிரி இருக்கும், இரண்டு நீளச் சட்டங்கள், இடையில் குறுக்குச் சட்டங்கள். முன்சக்கரம் ஒன்று பள்ளத்தில் இறங்கி அதற்கு எதிர்மூலைப் பின்சக்கரமும் இறங்கினால் அது முறுகும், முறுகுவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். பெட்டியோ விறைப்பானது, கொஞ்சமும் முறுகாது. நாலு மூலையிலும் போல்ட் போட்டு இறுக்கினால் ஒன்று பெட்டியின் மூலை விரியும், இல்லையென்றால் சேஸிஸே கேபினுக்குப் பின்னால் விரிசல் விடும். இதை அவர்கள் முதல் சந்திப்பிலேயே படம் போட்டு விளக்கினார்கள், நான் கேட்கவே இல்லை. எனக்குச் செய்தது மூன்று புள்ளித் தாங்கல்: பின்னால் இரண்டு நிலையான பிடிகள், முன்னால் நடுவில் திரும்பக்கூடிய ஒரு பிடி. யூனிமாக் என்ற மெர்சிடிஸ் கரடுமுரடுப் பாதை லாரிகளில் வெகுகாலமாக இருக்கும் முறைதான். டெலிவரி அன்று ஒரு முன்சக்கரத்தைச் சரிவுப் பலகை மேல் ஏற்றிக் காட்டினார்கள், கேபின் ஒரு பக்கம் சாய்ந்து, அதன் கூரை பெட்டியின் கூரையிலிருந்து பக்கவாட்டில் விலகி நின்றது, பெட்டியின் கதவு மட்டும் எப்போதும் போல லேசாகத் திறந்து மூடியது. இந்த அசைவு இருப்பதால் கேபினிலிருந்து பெட்டிக்குள் நுழையும் வழி வேண்டுமென்றால் நடுவில் மடிப்பு ரப்பர் போட வேண்டும். அந்த வழியே வேண்டாம் என்று விட்டுவிட்டேன், இதுவரை தேவைப்படவும் இல்லை.

அடுத்தது எடை. வரைவதற்கு முன்னாலேயே காலி வண்டியை டேங்க் நிறைய டீசலோடும் என்னோடும் எடை மேடையில் ஏற்றி, முன் ஆக்ஸில் தனியாக, பின் ஆக்ஸில் தனியாக எடுத்தார்கள். வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையில் அதைக் கழித்ததும் மிஞ்சியது 870 கிலோ. கேட்பதற்கு நிறைய மாதிரி இருக்கிறது, ஆனால் 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ, எட்டடிக்கு நாலடி அளவில் 15 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட் ஒரு ஷீட் சுமார் 30 கிலோ. அதே அளவு பாப்லர் பிளைவுட் என்றால் 20 கிலோ பக்கம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி எழுதி என்னையும் உட்கார வைத்துக் கூட்டினார்கள், அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் தனிக் குளியலறை என்ற என் ஆசையை விட்டேன். முடிந்த பெட்டி எல்லாப் பொருத்துதலோடும் 640 கிலோ. தண்ணீர்த் தொட்டி தரையோடு தரையாக, பின் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால். பக்கவாட்டுச் சரிவில் போகும்போது இதன் பலன் நன்றாகவே தெரிகிறது.

சுவர் ஃபைபர் கிளாஸ் தகடுக்கு நடுவே 40 மில்லிமீட்டர் ஃபோம், உள்ளே இரும்புச் சட்டம் கிடையாது, மூலைகள் பாலியூரித்தேன் பசையால் ஒட்டியவை. சட்டம் இருந்தால் அது வழியாகக் குளிர் உள்ளே வந்து, இரவில் நம் மூச்சின் ஈரம் அந்தக் கோட்டிலேயே துளித்துளியாக நிற்கும். என் பெட்டியில் ஜன்னல் விளிம்பைத் தவிர வேறெங்கும் ஈரம் பார்க்கவில்லை. டீசல் ஹீட்டரும் இதற்கு உதவுகிறது, எரிக்கும் காற்றை வெளியிலிருந்து எடுத்துப் புகையை வெளியே தள்ளுவதால் உள்ளே ஈரம் சேர்வதில்லை. கேஸ் அடுப்பு அப்படி இல்லை, அதை மூட்டினால் கூரை ஜன்னலைத் திறந்தே ஆக வேண்டும்.

மின்சார வேலை சுத்தம். 200 ஆம்பியர் ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, அதாவது இரண்டரை யூனிட் சொச்சம், பிரிட்ஜ் ஒரு நாளைக்கு அரை யூனிட் எடுக்கிறது. இந்த வகை பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்பதால் குளிரைத் தடுக்கும் அந்த ஃபோம் சுவருக்கு உள்ளேயே வைத்தார்கள். ஒவ்வொரு ஒயரிலும் எண் ஒட்டி, படம் போட்டுக் கையில் கொடுத்தார்கள்.

சரி, இனி குறைகள். நாலு மாதம் என்று சொன்ன வேலை ஏழு மாதம் ஆனது, நடுவில் ஆறு வாரம் ஒரு தகவலும் இல்லை. தண்ணீர் பம்பை ஒரு பலகைக்குப் பின்னால் வைத்து மூடிவிட்டார்கள், அதன் வடிகட்டியைக் கழுவ 14 ஸ்க்ரூ கழற்ற வேண்டும். இவ்வளவு யோசித்து வரைந்தவர்கள் இதை எப்படி விட்டார்கள் என்று இன்னும் புரியவில்லை.

ஆனால் பெரிய குறை தூசி. முதல் நீண்ட மண்பாதையில் மாலை வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தால் படுக்கை முழுக்கப் பொடி. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து தூசி அங்கேயே சுழன்றுகொண்டிருக்கும், கொஞ்சம் இடுக்கு கிடைத்தாலும் உள்ளே வந்துவிடும். பின்கதவு ரப்பர் ஒற்றையாக இருந்தது, அது ஒரு காரணம். இன்னொன்றைக் கண்டபோதுதான் பயந்தேன். கேஸ் சிலிண்டர் வைக்கும் பெட்டிக்குள்ளும் தூசி, அதன் மூடி ஓரத்தில் அறைப் பக்கமும் தூசிக் கோடு. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே இறங்கும், அதனால் அந்தப் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை கட்டாயம் வேண்டும், அதை அடைக்கவே கூடாது. ஆனால் அறைப் பக்க மூடி காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். தூசி வரும் வழியில் கேஸும் வரும். இதுபோல் பெட்டி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அந்த மூடியின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

படம் எடுத்து அனுப்பினேன். இந்த முறை மறுநாளே பதில் வந்தது, தங்கள் தவறு என்று ஒப்புக்கொண்டு வண்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள். மூடியை மாற்றி, சுற்றிலும் புது ரப்பரும் இறுக்கும் கொக்கிகளும் போட்டார்கள். பின்கதவுக்கு இரட்டை ரப்பர். கூரையில் முன்பக்கம் பார்த்த மாதிரி வடிகட்டியோடு ஒரு காற்றுவாய் வைத்தார்கள், ஓடும்போது அது சுத்தமான காற்றை உள்ளே தள்ளி அழுத்தத்தைக் கூட்டுவதால் இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேதான் போகும். எதற்கும் பணம் கேட்கவில்லை. பம்பு மட்டும் இன்னும் அதே பலகைக்குப் பின்னால்தான் இருக்கிறது.

இதே வேலையை இன்னொரு முறை கொடுப்பேனா என்றால் கொடுப்பேன், சொன்ன தேதியை மட்டும் நம்பாமல். வரைபடத்துக்குச் சரி சொல்லும் முன் ஒவ்வொரு பம்பு, வால்வு, ஃபியூஸ் பக்கத்திலும் கை எட்டுமா என்று நானே கேட்பேன்.

சரிசெய்த பிறகு சென்ற மாதம் 300 கிலோமீட்டர் மண்பாதை போய்வந்தேன். படுக்கை சுத்தமாக இருந்தது, கேஸ் மூடி ஓரத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. பின்கதவின் கீழ்மூலையில் மட்டும் மெல்லிய ஒரு கோடு தூசி இன்னும் இருக்கிறது.