ரோந்து கார், நடை ரோந்து, மனநல வேன்: எது எதற்கு உதவும்?

ரோந்து காரைச் சும்மா சுற்றவிட்டால் குற்றம் குறையுமா? அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி 1972-73இல் இதைச் சோதித்தது. 15 பீட்களில் (ஒரு காருக்கு ஒதுக்கப்படும் ரோந்துப் பகுதி) ஐந்தில் வழக்கமான ரோந்து, ஐந்தில் அழைப்பு வந்தால் மட்டும் கார், மீதி ஐந்தில் ரோந்து இரண்டு மூன்று மடங்கு. குற்றத்திலோ மக்களின் பயத்திலோ சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஒரு தெருவை கார் சில நொடிகளில் கடந்துவிடும். வீட்டுக்குள் நடக்கும் அடிதடி அதன் கண்ணில் படவே படாது. அழைப்புக்காக கார்கள் எல்லா பீட்டுக்கும் போய்வந்தன என்பதால், மூன்று பிரிவுக்கும் இருந்த இடைவெளி காகிதத்தில் தெரிந்த அளவு இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நடை ரோந்தின் கதை சிக்கலானது. நெவார்க் நகரில் 1978-79இல் அது குற்ற எண்ணிக்கையை அசைக்கவில்லை. ஆனால் மக்களின் பயம் குறைந்தது. பிலடெல்பியாவில் 2009இல் வேறு விதம். வன்முறை குவியும் 60 சிறு இடங்களுக்கு, பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த காவலர்களை ஜோடியாக அனுப்பினார்கள். 12 வாரத்தில், ஒப்பிட்ட இடங்களைவிட வன்முறைக் குற்றம் 23% குறைந்தது. நடந்தது மட்டுமே காரணமல்ல, எங்கே நடந்தார்கள் என்பதும்தான். கூடவே, ஆட்களை நிறுத்தி விசாரிப்பதும் கூடியது. அந்த விலையைக் கொடுப்பது அப்பகுதி மக்கள். சலிப்பில் காவலர்கள் எல்லையைத் தாண்டி அலைந்தார்கள். ரோந்தை விலக்கியதும் பலன் கரைந்தது.

ஆள் குறைவு, கார்தான் இருக்கிறது என்றால் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகர அனுபவம் உதவும். முந்தைய அழைப்புகளைப் பார்த்து, தொல்லை மீண்டும் மீண்டும் வரும் சில தெருமுனைகளை மட்டும் எடுங்கள். காரை நிறுத்தி 10 முதல் 15 நிமிடம் கண்ணில் படும்படி இருங்கள். அதற்கு மேல் நின்றால் கூடுதல் பலன் குறைகிறது. கிளம்பி, கணிக்க முடியாத நேரத்தில் திரும்புங்கள். தினமும் நாலு மணிக்கே வந்தால் எல்லோருக்கும் கடிகாரம் தெரிந்துவிடும்.

மனநல நெருக்கடி, போதை, தெருவில் படுத்திருப்பவர் போன்ற அழைப்புகளுக்கு இவை எதுவும் பொருந்தாது. டென்வர் நகரம் 2020 ஜூனில் ஸ்டார் என்ற வேனை இறக்கியது: ஒரு மனநல நிபுணர், ஒரு பாராமெடிக் (அவசர மருத்துவ உதவியாளர்), துப்பாக்கி இல்லை. முதல் ஆறு மாதத்தில் அது இயங்கிய பகுதிகளில் பதிவான சிறு குற்றங்கள் 34% குறைந்தன. வன்முறைக் குற்றத்தில் தெளிவான மாற்றமில்லை. அழைப்பை எடுப்பவர் சரியாகத் தரம் பிரிக்க வேண்டும். ஆயுதம் இருப்பதாகத் தெரிந்தால் போலீஸ்தான் போக வேண்டும். தொடக்கத்தில் வேன் வார நாள்களில் காலை 10 முதல் மாலை 6 வரை மட்டுமே ஓடியது. இரவு அழைப்புகள் பழையபடி ரோந்து காருக்கே போயின.