ஜூடோ வகுப்பு: உடலைவிட மனத்துக்குக் கிடைத்தது அதிகம்

பெரியவர்களுக்கான இந்த மாலை நேர ஜூடோ வகுப்பில் உடல் வலுவுக்காகவே சேர்ந்தேன். ஆயினும், சில ஆண்டுகள் தொடர்ந்த பின் மதிப்பிடுகையில், மனநிலையில் ஏற்பட்ட மாற்றமே பெரிதாகத் தெரிகிறது.

தொடக்க வாரங்கள் பெரும்பாலும் விழக் கற்பதிலேயே கழிகின்றன. தாடையை மார்போடு ஒட்டி, முதுகை வளைத்து, உள்ளங்கையும் முன்கையும் பாயில் ஓங்கி அறையும்படி விழும் ‘உகெமி’ பயிற்சியை ஆசிரியர் அலுக்காமல் திருத்துகிறார். சலிப்பூட்டும் பகுதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால், பலமுறை விழுந்தும் அடிபடாமல் எழுந்தவருக்கு விழுவது பற்றிய அச்சம் படிப்படியாகத் தணிகிறது. அஞ்சும் ஒன்றைப் பாதுகாப்பான சூழலில் சிறிது சிறிதாக எதிர்கொள்ளச் செய்யும் உளவியல் சிகிச்சையும் இதே அடிப்படையில்தான் இயங்குகிறது. ‘ரந்தோரி’ எனப்படும் பயிற்சி மோதலில், எதிராளி கழுத்துப் பட்டையை இறுகப் பற்றும்போது மூச்சை அடக்கிக்கொள்பவர் விரைவில் களைத்துவிடுவார் என்பதால், நெருக்கடியிலும் சீராக மூச்சுவிடும் பழக்கம் படிகிறது. அலுவலகத்தில் யாரேனும் குரலை உயர்த்தினால், உடனே பதிலுக்குப் பாயாமல் நிதானிக்க இப்போது என்னால் இயல்கிறது.

1882இல் ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோ வலியுறுத்திய பரஸ்பர நலன் என்னும் கொள்கையை இங்கே மெய்யாகவே கடைப்பிடிக்கிறார்கள்; புதியவரை வீசும் மூத்த மாணவர், அவருடைய கைச்சட்டையைக் கடைசிவரை விடாமல் பிடித்து மெதுவாக இறக்குகிறார்.

தரநிலையைக் காட்டும் இடுப்புப் பட்டைக்கான தேர்வு நெருங்கும்போது ரந்தோரிக்கு நேரம் குறைந்துவிடுவது எரிச்சலூட்டுகிறது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுபவர்கள் இதை அதற்கு மாற்றாகக் கொள்ளலாகாது. துணையாகக் கொள்ளத் தடையில்லை. முழங்கால் தொல்லை உள்ளவர்கள் சேருமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.